சுவரோவியத்தை அசைய வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இத்தாலியத் தெரு ஓவியர் ப்ளூ 2008-இல் இணையத்தில் வெளியிட்ட 'முட்டோ' ஏறக்குறைய ஏழரை நிமிடம் ஓடும் படம். புவனோஸ் அயர்ஸிலும் ஸ்விட்சர்லாந்தின் பாடனிலும் உள்ள சாதாரணத் தெருச் சுவர்களில் ஒரு உருவத்தை வரைந்து, போட்டோ எடுத்து, அதன் மேல் வெள்ளை பூசி மறைத்து, சற்றுத் தள்ளி மறுபடி வரைந்து, மறுபடி போட்டோ எடுத்து, இப்படியே எடுத்த படம் அது. ஓட்டிப் பார்த்தால் உருவம் சுவரில் ஊர்கிறது, மூலையில் திரும்புகிறது, பிளந்து இன்னொன்றாகிறது. அது போன வழியெல்லாம் வெள்ளைப் பூச்சு தடமாகக் கிடக்கிறது. அந்தத் தடத்தைப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்தக் கலையின் சூட்சுமம் பிடிபட்டது. இதில் வரைகிற கைக்கு எவ்வளவு வேலையோ, அழிக்கிற கைக்கும் அவ்வளவு வேலை. முதன்முறை செய்கிறவர்கள் வரைவதைத் திட்டமிட்டுவிட்டு, அழிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். படம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

இந்த உத்தி பழசு. 1906-இலேயே அமெரிக்கத் திரைப்பட முன்னோடி ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் கரும்பலகையில் சாக்பீஸால் முகங்களை வரைந்து அழித்து அவற்றை அசைய வைத்தார். தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் ஒரே தாளில் கரியால் வரைந்து, அழித்து, திருத்தி அசைபடங்கள் செய்துவருகிறார். அழித்த இடத்தில் தங்கும் சாம்பல் நிறக் கறையை அவர் மறைப்பதே கிடையாது. பிரிட்டனின் இன்ஸா வேறு வழியில் போனார். ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது அசைவின் ஒவ்வொரு நிலைக்கும், சுவர் முழுவதையும் மறுபடி தீட்டி, அந்தச் சில போட்டோக்களைச் சுற்றிச் சுற்றி ஓடும் ஜிஃப் ஆக்குவார். ரியோ டி ஜெனிரோவில் தரையில் 14,379 சதுர மீட்டர் பரப்பை நான்கு நாள் தீட்டி, செயற்கைக்கோளிலிருந்து படம் பிடிக்க வைத்த வேலையும் அவருடையது.

ஆக, முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: அழித்த தடம் படத்தில் தெரியட்டுமா, வேண்டாமா? தெரியட்டும் என்றால் ப்ளூவின் வழி. உருவம் சுவர் நெடுக நகர்ந்துகொண்டே போகலாம். வேண்டாம் என்றால் இன்ஸாவின் வழி. உருவம் ஒரே இடத்தில் நின்று லூப்பாக அசையும். முதல் முயற்சிக்கு லூப்தான் நல்லது. குறைந்த ஃபிரேம், ஒரே கேமரா இடம், ஒரே நாள் வேலை. கீழே சொல்வது பெரும்பாலும் அதற்கானது.

கணக்கு

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். கையால் வரையும் அனிமேஷனில் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைப்பது வழக்கம், அதாவது நொடிக்கு 12 படம். சுவருக்கு 8 முதல் 10 போதும். சற்றே வெட்டி வெட்டி ஓடும். சுவரின் சொரசொரப்புக்கு அந்த வெட்டு பொருந்திப் போகிறது.

ஒரு நொடி லூப்புக்கு 8 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்கு வரைய, பூச, காய, போட்டோ எடுக்க முக்கால் மணி நேரம் என்றால் மொத்தம் 6 மணி நேரம். இரண்டு நொடி வேண்டுமென்றால் 12 மணி நேரம். அதற்குள் வெயில் இடம் மாறிவிடும், கை சோர்ந்துவிடும். முதல் சுவருக்கு இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம், ஒரு நொடி. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். சிறிய சுவரில் சுத்தமாக ஓடும் ஒரு நொடி, பெரிய சுவரில் தடுமாறும் பத்து நொடியைவிட நெடுநேரம் பார்க்கப்படும்.

எதை அசைய வைப்பது

தொடங்கிய நிலைக்கே திரும்பி வரும் அசைவாகப் பாருங்கள். கண் சிமிட்டல், இறக்கை அடிப்பு, சுழலும் சக்கரம், எம்பி விழும் பந்து. மனித நடையைத் தொடாதீர்கள். நடையைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறோம், சிறு பிசகும் உடனே கண்ணில் படும். மீன், புகை, கொடி, கற்பனை விலங்கு இவற்றில் பிசகினாலும் அது அவற்றின் இயல்பு போலவே தோன்றும்.

பந்தை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் அசைவின் இலக்கணம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. மேலிருந்து விடுபட்ட பந்து 120 செ.மீ. விழ ஏறக்குறைய அரை நொடி ஆகும். நொடிக்கு 8 படம் என்றால் அரை நொடிக்கு நான்கு இடைவெளி. அந்த 120 செ.மீட்டரை நான்கு சம பங்காக, 30 செ.மீ. வீதம் பிரித்து வரைந்தால் பந்து விழாது. லிஃப்ட் இறங்குவது போல இறங்கும். விழும் பொருள் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். ஆகவே உச்சியிலிருந்து 7.5, 30, 67.5, 120 செ.மீ. என்று குறியிடுங்கள். முதல் இடைவெளி நாலு விரல் அகலம், கடைசி இடைவெளி அரை மீட்டருக்கும் மேல். குறியிடும்போது, இது தப்பாக இருக்கிறதே என்று கை தயங்கும். தயங்காதீர்கள், ஓடும்போது கனம் வந்துவிடும்.

தரையைத் தொடும் படத்தில் பந்தைக் கொஞ்சம் நசுக்குங்கள்: உயரத்தைக் குறைத்த அளவுக்கு அகலத்தைக் கூட்டுங்கள். அதற்கு முந்தைய படத்தில் சற்று நீட்டுங்கள். பிறகு பந்து அதே இடங்கள் வழியாக மேலே போக வேண்டும். உச்சி, இறங்கும் மூன்று நிலை, தரை, ஏறும் மூன்று நிலை. மொத்தம் 8 ஃபிரேம், சரியாக ஒரு நொடி. ஏறும் மூன்றும் இறங்கிய மூன்றும் ஒரே படம்தான் என்பதால், ஐந்தே படம் வரைந்து எட்டு ஃபிரேம் எடுத்துவிடலாம். முதல் நாளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எந்த அசைவானாலும் சுவருக்குப் போகும் முன் சின்ன அட்டைகளில் வரைந்து விரலால் புரட்டிப் பாருங்கள். அதையே போனில் ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டிப் பாருங்கள். அட்டையில் உயிர் வராதது சுவரில் வராது.

சுவரும் அனுமதியும்

பொதுச் சுவர் என்றால் அதைப் பராமரிக்கும் அமைப்பிடம், தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வழக்கமான சுவரோவியத்துக்குக் கடைசிப் படத்தைக் காட்டினால் போதும். இதற்கு அது போதாது. சுவர் நாள் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும், நடுவில் அரைகுறையாகத் தெரியும், கடைசியில் இன்ன படம் நிற்கும் அல்லது பழைய நிறமே பூசித் தரப்படும் என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். நடைபாதையில் ட்ரைபாட் நிற்கும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். பழைய கல் கட்டடம், பூசாத செங்கல், செதுக்கு வேலை உள்ள சுவர் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அங்கே பெயிண்ட் துளைக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

பூச்சு வழவழப்பாக இருக்கும் சுவரைத் தேடுங்கள். புதிதாகப் பூசிய சிமெண்ட் என்றால் ஒரு மாதமாவது ஆறியிருக்க வேண்டும். ஈரமும் காரமும் அடங்காத பூச்சில் பெயிண்ட் உரியும். உப்பு பூத்த சுவரும், தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் சுவரும் ஆகாது. விரிசலுக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, ப்ரைமர் அடித்து, அதன் மேல் மேட் வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட். பளபளப்பு வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பட்டு ஒவ்வொரு போட்டோவிலும் வெவ்வேறு இடத்தில் மின்னும்.

இந்த அடிநிறம்தான் உங்கள் ரப்பர். நாள் முழுக்க அழிக்கப்போவது இதே பெயிண்டால்தான். அதனால் மொத்தத்தையும் ஒரே வாளியில் கலந்து, தேவையைவிட அதிகமாக எடுத்து வையுங்கள். பாதியில் தீர்ந்து இன்னொரு முறை கலந்தால், அதே பெயரில் அதே கம்பெனி டப்பாவாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சாயல் மாறும். கண் மன்னிக்கும், கேமரா மன்னிக்காது. ஓடும்போது அந்த இடம் மட்டும் படபடவென்று துடிக்கும்.

பெயிண்ட் இல்லாமலே பழக வேண்டுமானால் காய்ந்த சிமெண்ட் சுவரில் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் வரையுங்கள். கருமையாகத் தெரிந்து சில நிமிடங்களில் தானாக மறையும். அழிக்கிற வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும்.

கேமரா

லென்ஸ் சுவரின் நடு உயரத்துக்கு, சுவருக்கு நேர் எதிரே நிற்கட்டும். சாய்ந்தால் படத்தின் ஒரு பக்கம் குறுகும். சுவரில் ரசமட்டம் வைத்து ஒரு கிடைக்கோடு போட்டு, திரையின் விளிம்போடு அது இணையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரைபாட் கால்களைச் சுற்றித் தரையில் குறியிடுங்கள், நடுக்கம்பியில் கனமான பையைத் தொங்கவிடுங்கள்.

ஒருமுறை மண் தரையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நான் பக்கத்தில் வந்து நின்றதில் ஒரு கால் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கியிருக்கிறது. அன்று அது தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தபோது பறவை பறந்தது, கூடவே சுவரும் மெல்லச் சாய்ந்தது. அன்றிலிருந்து மண்ணானால் காலடியில் தட்டைக்கல் வைக்கிறேன். சுவரின் இரண்டு ஓரத்திலும், பிறகு வெட்டிவிடப்போகும் பகுதியில், சின்னக் கூட்டல் குறி போடுகிறேன். கேமரா நகர்ந்தாலும் அந்த இரண்டு குறியையும் பொருத்தி எல்லாப் படத்தையும் நேராக்கிவிடலாம். ஐந்து நிமிட வேலை, ஒரு நாள் உழைப்பைக் காப்பாற்றும்.

செட்டிங் எல்லாம் மேனுவல். ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 100 அல்லது 200. போகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வொயிட் பேலன்ஸை மறந்துவிட்டால், நீங்கள் சிவப்பு கூட்டினதும் கேமரா சுவரை நீலமாக்கிச் சமன் செய்யும். நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். தானியங்கி அப்பெர்ச்சர் (ஒளி புகும் துளை) உள்ள லென்ஸில் அந்தத் துளையின் இதழ்கள் ஒவ்வொரு முறையும் இம்மி வித்தியாசத்தில் மூடும். அதுவும் வெளிச்சத் துடிப்பாகத் தெரியும். லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, தட்டையான சுவருக்கு ஆழமான போகஸும் தேவைப்படாது. பட்டனைக் கையால் அமுக்காமல் ரிமோட் அல்லது இரண்டு நொடி டைமர் வையுங்கள். போன் என்றால் மேனுவல் கட்டுப்பாடு தரும் ஆப் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ ஆப், கணினியில் ஓடும் டிராகன்ஃபிரேம் போன்றவற்றில் முந்தைய படம் மங்கலாக மேலே தெரியும் வசதியும் உண்டு. சார்ஜ் தீர்ந்து பேட்டரி மாற்றும்போதுதான் கேமரா அசையும், ஆகவே முதலிலேயே பவர் பேங்க் இணைத்துவிடுங்கள்.

வரை, அழி, விலகு, எடு

முதல் படத்தைச் சாக்பீஸால் போட்டு, எட்ட நின்று பார்த்து, பிறகு நிறம் தீட்டுங்கள். போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு எடுப்பது நல்லது; யாராவது குறுக்கே போனது பிறகுதான் தெரியும்.

இரண்டாம் படம் தொடங்கும்போது கை தானாக வெள்ளை வாளிக்குப் போகும். நிறுத்துங்கள். பழையதை அழிப்பதற்கு முன்பே புதியதைச் சாக்பீஸால் வரைந்துவிட வேண்டும். பழைய கோடு கண் முன்னால் இருக்கும்போதுதான், எவ்வளவு தள்ளினோம், எந்த வளைவு மாறியது, கண் மூக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அளக்க முடியும். அழித்துவிட்டால் ஞாபகத்திலிருந்து வரைய வேண்டும். நான்காவது படத்துக்குள் முகமே வேறு ஆளாகிவிடும்.

புதிய கோடு விழுந்தபின், பழைய உருவமும் புதிய உருவமும் சேர்ந்து மூடும் இடத்தைத் தொடாதீர்கள். ஒரு மீன் வலப்பக்கம் நீந்துகிறது என்றால், வலது விளிம்பில் ஒரு பிறை அளவுக்கு மீனின் நிறம் சேரும், இடது விளிம்பில் ஒரு பிறை அளவுக்குச் சுவரின் நிறம் சேரும். உடம்பின் நடுப்பகுதி அப்படியே இருக்கும். மீன் முழுவதையும் அழித்து முழுவதையும் வரைகிறவருக்கு இரண்டு மடங்கு வேலை, அதோடு உடம்பு முழுவதும் பிரஷ் வரிகள் படத்துக்குப் படம் மாறிப் புழு நெளிவது போல நெளியும். சிலர் அந்த நெளிவை விரும்பியே செய்வார்கள், அழகாகவும் இருக்கும். வேண்டும் என்று செய்தால் எல்லாப் படத்திலும் செய்யுங்கள்.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நிறம், ஒருவர் அழிப்பு என்று பிரித்துக்கொண்டு கடைசி வரை மாறாதீர்கள். பிரஷ்ஷும் கலக்க வேண்டாம். அழிக்கும் இடத்தை மெல்லிய ரோலரால் ஓரம் தேய்ந்து கரையும்படி பூசுங்கள். பிரஷ்ஷால் அடித்தால் கட்டம் கட்டமாகத் தடிப்பு ஏறும்.

பிறகு காய விட வேண்டும். தொட்டால் ஒட்டாத அளவு போதும். எமல்ஷன் ஈரத்தில் சற்று வெளிறியும் காய்ந்தபின் அடர்ந்தும் தெரியும். சுண்ணாம்பு நேர் எதிர்: ஈரத்தில் கண்ணாடி போல, காயக் காயத்தான் வெளுக்கும். ஒரு படத்தை ஈரமாகவும் அடுத்ததைக் காய்ந்தும் எடுத்தால் நிறம் துள்ளும். பூசி முடித்து எத்தனை நிமிடம் கழித்து எடுப்பது என்று முதல் படத்திலேயே நிர்ணயித்துவிட்டு அதையே கடைசி வரை பிடியுங்கள். அந்த நேரத்தில் அடுத்த படத்தின் அளவுகளைச் சரிபார்க்கலாம்.

போட்டோவுக்கு முன் ஏணி, வாளி, உங்கள் நிழல் மூன்றும் கேமராவின் பார்வைக்கு வெளியே. எடுத்தவுடன் முந்தைய படத்தோடு மாற்றி மாற்றித் திரையில் பாருங்கள். தப்பு இருந்தால் அப்போதே திருத்துங்கள். மூன்று படம் தாண்டிவிட்டால் திரும்பிப் போக வழியில்லை, ஏனென்றால் அந்தப் படம் இப்போது சுவரிலேயே இல்லை.

வெளிச்சம்

சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. உங்கள் ஆறு மணி நேரத்தில் அது 90 பாகை. நிழல் சுவரில் ஊர்வது லூப்பின் கடைசிப் படத்திலிருந்து முதல் படத்துக்குத் தாவும்போது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். நாள் முழுவதும் நேர் வெயில் விழாத சுவர், அல்லது சீராக மேகம் மூடிய நாள், இரண்டில் ஒன்று அமைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இரவில் விளக்கு வைத்து எடுப்பது இன்னும் சீராக வரும். மின்விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் ஷட்டரை 1/10 நொடி போல மெதுவாக வையுங்கள்.

நகர்ந்து போகும் படமாக இருந்தால் வெளிச்சம் மாறுவதைப் பற்றி இவ்வளவு அஞ்ச வேண்டாம். ப்ளூவின் படங்களில் வெயிலும் நிழலும் துடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துடிப்பில் தெருவின் ஒரு நாள் முழுவதும் ஓடிவிடுகிறது. அதைச் சரிசெய்திருந்தால் அவை இவ்வளவு உயிரோடு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

உடம்புக்கு

ஸ்ப்ரே பெயிண்ட் எடுத்தால் துணி முகமூடி பத்தாது, ஆவியை வடிக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். இரண்டு மீட்டருக்கு மேல் வேலை என்றால் ஏணியை விட்டுவிட்டுச் சாரம் கட்டுங்கள். ஒரே நாளில் நாற்பது முறை ஏறி இறங்குவீர்கள். கால் வழுக்குவது நாற்பதாவது முறையில்தான்.

கோர்ப்பது

படங்களைக் கூட்டல் குறி வைத்துப் பொருத்தி, ஒரே அளவில் வெட்டி, நொடிக்கு 8 என்று ஓட்டுங்கள். இதற்கான மென்பொருள்களில் டாவின்சி ரிசால்வ், பிளெண்டர் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டளை தட்டி ஓட்டும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் பழகியவர்களுக்கு ஒரு வரிக் கட்டளை போதும். ஜிஃப் 1987-இல் பிறந்த வடிவம். ஒரு ஃபிரேமில் 256 நிறத்துக்கு மேல் தாங்காது, ஃபிரேமின் நேரத்தை நூறில் ஒரு பங்கு நொடியாகத்தான் எண்ணும். நொடிக்கு 8 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 12.5 வருகிறது, அரை கிடையாது என்பதால் 12, 13 என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். நொடிக்கு 10 என்றால் 10, சிக்கலே இல்லை. சுவரின் நுண்ணிய சாயல்கள் உங்களுக்கு முக்கியம் என்றால் எம்பி4 ஆகவும் ஒன்று எடுத்து வையுங்கள்.

கடைசிப் படம்

தெருவில் போகிறவர்கள் பார்க்கப்போவது கடைசி ஃபிரேமை மட்டும்தான். ஆகவே எந்தப் படத்தில் முடிப்பது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். லூப்பை எங்கிருந்தும் தொடங்கலாம் என்பதால் இது கையில் இருக்கும் சுதந்திரம். பந்து தரையில் நசுங்கிக் கிடக்கும் படத்தைவிட உச்சியில் நிற்கும் படம் சுவரில் தங்கட்டும். இல்லை, எல்லாவற்றையும் பூசி வெறும் சுவராகத் திருப்பித் தருவதும் ஒரு முடிவு. 2016-இல் ப்ளூ இத்தாலியின் போலோனியா நகரில் தாம் பல ஆண்டுகளாக வரைந்திருந்த சுவரோவியங்களையே சாம்பல் நிறம் பூசி மறைத்தார். சுவரிலிருந்து ஓவியங்களைப் பெயர்த்துக் கண்காட்சிக்கு வைத்ததற்கு எதிரான அவரது பதில் அது.

எந்த முடிவானாலும் ட்ரைபாட்டைக் கடைசியாக மடக்குங்கள். பெயிண்ட் வாளி மூடுவதற்கு முன், சுவர் முன்னாலேயே நின்று லூப்பை இருபது முறை ஓட்டிப் பாருங்கள். கடைசிப் படத்திலிருந்து முதல் படத்துக்குத் தாவல் தெரிந்தால் நடுவில் இன்னொரு படம் தேவைப்படுகிறது. கேமரா அதே இடத்தில், பெயிண்ட் அதே வாளியில், வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதுதான் அதை வரைய முடியும்.